கையா காப்பகம்: அகன்ற இரட்டை விண்மீன் தேட நல்ல இடம், அவசரக்காரர்களுக்கு அல்ல

ஐரோப்பிய விண்வெளி முகமையின் கையா விண்கலம் அளந்த விண்மீன் தரவுகள் இருக்கும் கையா காப்பகத்துக்குக் கட்டணம் கிடையாது. தேடிப் பார்க்கக் கணக்குத் தொடங்கவும் தேவையில்லை. 2022 ஜூனில் வந்த மூன்றாம் வெளியீட்டில் சுமார் 180 கோடி வான்பொருள்கள். ஏறத்தாழ 146 கோடிக்கு இடமாறு தோற்றமும் (சூரியனைச் சுற்றிவரும்போது விண்மீன் இடம் மாறித் தெரியும் கோணம்; தூரம் கிடைப்பது இதிலிருந்துதான்) சொந்த இயக்கமும் (வானில் விண்மீன் ஆண்டுதோறும் நகரும் கோணம்) உண்டு. அகன்ற இரட்டைகளை, அதாவது வெகு தூரம் விலகியிருந்தபடியே ஒன்றையொன்று சுற்றும் விண்மீன் ஜோடிகளைப் பிடிக்க இதற்கு நிகரான தரவு வேறில்லை. ஆனால் அது எண்களைத்தான் தரும். ஜோடி சேர்ப்பது நம் வேலை. கோளாறு எல்லாம் அங்கேதான்.

ஒத்திகைக்கு 61 சிக்னி என்ற இரட்டை விண்மீன் பொருத்தம். 2000-ஆம் ஆண்டு ஆயத்தொலைவைக் கொடுத்து 10 வில்விநாடி (ஒரு வில்விநாடி ஒரு பாகையின் 3600-இல் ஒரு பங்கு) ஆரத்தில் தேடினால் இரண்டு விண்மீனும் சிக்காது. காப்பகத்தின் இடக்குறிப்புகள் 2016.0-க்கு, அதாவது 2016-ஆம் ஆண்டின் தொடக்கத்துக்கு உரியவை. ஆண்டுக்கு 5.28 வில்விநாடி ஓடும் விண்மீன் 16 ஆண்டில் 84 வில்விநாடி தள்ளிப் போயிருக்கும். ஆரத்தை 2 வில்நிமிடமாக்கினால் இரண்டும் வந்துவிடும்.

இரண்டின் இடமாறும் 286 மில்லி வில்விநாடி, கோண இடைவெளி 32 வில்விநாடிக்குச் சற்றுக் குறைவு. கோணத்தை 1000-ஆல் பெருக்கி இடமாறால் வகுத்தால் வானில் தெரியும் இடைவெளி கிடைக்கும்: சுமார் 110 வானியல் அலகு (ஓர் அலகு பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள தூரம்). இதுவரை சுலபம். "சொந்த இயக்க வேறுபாடு ஆண்டுக்கு 5 மில்லி வில்விநாடிக்குள் இருந்தால்தான் ஜோடி" என்று ஒரே வடிகட்டியைப் போட்டால் 61 சிக்னியே வெளியே போய்விடும்! அதன் வேறுபாடு ஆண்டுக்குச் சுமார் 110 மில்லி வில்விநாடி, அதாவது விநாடிக்கு 1.8 கிலோமீட்டர், சுற்றுப்பாதை வேகம்தான். வரம்பு ஜோடிக்கு ஜோடி மாற வேண்டும்: இடமாறின் 1.5-ஆம் அடுக்கை 0.44-ஆல் பெருக்கி, கோணத்தின் வர்க்கமூலத்தால் வகுக்கவும். மொத்த நிறை 5 சூரியன் வரை இது தாங்கும். 61 சிக்னிக்கு வரம்பு 377, தாராளமாகத் தேறிவிடும்.

ஆழத் திசையில், அதாவது நம் பார்வைக் கோட்டின் வழியே, எதையும் எதிர்பார்க்க வேண்டாம். 100 பார்செக் (ஒரு பார்செக் சுமார் 3.26 ஒளியாண்டு) தூரத்தில் இடமாறில் 0.02 மில்லி வில்விநாடிப் பிழை என்றாலே தூரத்தில் 0.2 பார்செக், அதாவது 41,000 வானியல் அலகு தடுமாறும். முப்பரிமாண இடைவெளி என்று யாராவது எழுதினால் நம்பாதீர்கள். ஆரத்திசைவேகமும் (நம்மை நோக்கியோ விலகியோ விண்மீன் செல்லும் வேகம்) பொய் ஜோடியைக் கழிக்கத்தான் உதவும்: 10,000 அலகு இடைவெளியில் இரு சூரியன்களின் சார்பு வேகம் விநாடிக்கு 0.4 கிலோமீட்டர்தான்; வேறுபாடு அதைவிட மிக அதிகமாகத் தெரிந்தால் ஜோடி பொய்.

ஆர்யுடபிள்யூஇ (RUWE, ஒற்றை விண்மீன் என்ற கணக்கோடு அளவீடு எவ்வளவு பொருந்துகிறது என்று காட்டும் எண்) மதிப்பு 1.4-ஐத் தாண்டினால் அந்த விண்மீனின் இடமாறு சந்தேகத்துக்குரியது. எடுத்தவுடன் கழித்துவிட வேண்டாம். அதுவே ஒரு நெருங்கிய இரட்டையாக, மொத்தத்தில் மும்மை அமைப்பாக இருக்கலாம்.

நிரல் வழியே அனுப்பும் உடனடி வினவல் 2000 வரியோடு நின்றுவிடும். பெரிய தேடலுக்கு, பின்னணியில் ஓடி முடிவைப் பிறகு தரும் ஒத்திசைவற்ற பணியே சரி.

பெரிய குறை, மிகப் பிரகாசமான விண்மீன்கள் இல்லாதது. சூரியனுக்கு மிக அருகிலுள்ள விண்மீனான பிராக்சிமா இருக்கிறது, அதிலிருந்து சுமார் 13,000 அலகு தள்ளியிருக்கும் அதன் கூட்டாளிகளான ஆல்பா சென்டாரி ஏ, பி இரண்டும் இல்லை. அவற்றுக்குப் கையாவுக்கு முந்தைய விண்கலமான ஹிப்பார்கோஸின் பழைய பட்டியலைத்தான் புரட்ட வேண்டும்.