நாகசாகியில் கடல் இருந்த இடத்தில் ஒரு நடை

நாகசாகியின் பழைய துறைமுகப் பகுதியை நடந்தே சுற்றிக் காட்டும் மூன்று மணி நேரச் சுற்றுலாவுக்கு அம்மாவும் நானும் போய் வந்தோம். ஆளுக்கு 6,000 யென். டச்சு வணிகர்களைக் குடிவைத்திருந்த பழைய தீவான டெஜிமாவின் நுழைவுக் கட்டணமும் அதில் அடக்கம். எட்டுப் பேருக்கு மேல் சேர்ப்பதில்லை. எனக்கு ஒரு பெரிய மனக்குறை உண்டு, அதைப் பிறகு சொல்கிறேன். ஆனாலும் டெஜிமாவுக்காக மட்டுமே இந்தப் பணத்தைத் தாராளமாகக் கொடுக்கலாம்.

நடை தொடங்குவது மெகானேபாஷியில். 1634இல் கட்டிய இரட்டை வளைவுக் கல்பாலம். தண்ணீரில் நிழல் விழும்போது மூக்குக்கண்ணாடியாகத் தெரிகிறது. 1982 வெள்ளம் இதன் ஒரு பகுதியைப் பெயர்த்துப் போட்டது. அதன் பிறகு ஆற்றின் இரு கரைகளிலும் தரைக்கடியில் வெள்ள வடிகால்கள் அமைத்து, பாலத்தைப் பழைய இடத்திலேயே காப்பாற்றியிருக்கிறார்கள். எல்லோரும் படம் எடுத்துக்கொண்டதும் புறப்பட்டோம்.

டெஜிமாவில் எங்கள் வழிகாட்டி நேரே வாசலுக்கு அழைத்துப் போகவில்லை. சாலையோரம் நிறுத்தி, தரையில் பதித்திருக்கும் உலோகக் குமிழ்களைக் காட்டினார். பழைய தீவின் விளிம்பு அது. அதற்கு அப்பால் அலையடித்த இடத்தில் இன்று டிராம் ஓடுகிறது. நாகசாகி வணிகர்கள் 25 பேர் பணம் போட, கடலில் மண் கொட்டி எழுப்பிய விசிறி வடிவத் தீவு 1636இல் முடிந்தது. போர்த்துகீசியரை ஊர் மக்களிடமிருந்து பிரித்து வைப்பதற்காகக் கட்டியது. 1639இல் அவர்களை நாட்டைவிட்டே விரட்டினார்கள். 1641இல் ஹிராடோ துறைமுகத்திலிருந்த டச்சுக்காரர்களை இங்கே கொண்டுவந்து அடைத்து வைத்தார்கள். அவர்கள் அந்த வணிகர்களுக்கு ஆண்டுதோறும் வாடகை கட்டினார்கள். பிற்காலத்தில் துறைமுகத்தைத் தூர்த்து நிலமாக்கியபோது தீவு ஊருக்குள் மறைந்துபோனது. இதையெல்லாம் குமிழ்களின் வரிசையோடு நடந்துகொண்டே கேட்டால்தான் அந்தச் சிறைவாசம் எவ்வளவு குறுகலானது என்பது உறைக்கிறது. தனியாக வந்திருந்தால் அந்தக் குமிழ்களை மிதித்துக்கொண்டு போயிருப்போம்.

உள்ளே போகும் பாலம் 2017இல் திறந்தது. டெஜிமா பாதுகாக்கப்பட்ட வரலாற்றிடம் என்பதால் அந்தப் பக்கம் அடித்தளம் தோண்ட முடியாது. அதனால் ஊர்ப்பக்கக் கரையில் பாரம் கொடுத்து, நெம்புகோல் முறையில் பாலத்தை நிறுத்தியிருக்கிறார்கள். பழைய மண்ணுக்கு இவ்வளவு மரியாதையா என்று மலைத்து நின்றேன். மீட்டுக் கட்டிய 16 கட்டடங்களும் அதே அக்கறையைக் காட்டுகின்றன. டச்சு வணிக நிலையத் தலைமை அதிகாரியின் வீட்டு மாடியில் பாய் விரித்த ஜப்பானியத் தரைமேல் ஐரோப்பிய மேசையும் நாற்காலிகளும் இருக்கின்றன. கிடங்குகளில் சர்க்கரை வந்து இறங்கிய கதையைச் சொல்கிறார்கள். சோழமண்டலக் கரையில் நெய்த பருத்தித் துணிகளும் டச்சுக் கப்பல்களில் இங்கே வந்தவைதான். “நம் பக்கத்துத் துணியா இவ்வளவு தூரம் வந்தது?” என்று அம்மா கேள்விமேல் கேள்வி கேட்க, நான் மொழிபெயர்க்க, வழிகாட்டி சலிக்காமல் பதில் சொன்னார். கடிகாரத்தை ஒருமுறைகூடப் பார்க்கவில்லை.

அந்த நிதானம் ஷின்சியில் இல்லாமல் போனதுதான் என் குறை. இன்றைய சீனக் கடைத்தெரு இருக்கும் இந்த இடமும் கடலைத் தூர்த்ததுதான். சீனச் சரக்குகளைத் தீயிலிருந்து காக்க 1702இல் கிடங்குகளுக்காக உருவாக்கியது. நாகசாகிக்கு டச்சுக் கப்பல்களைவிடச் சீனக் கப்பல்களே மிக அதிகமாக வந்தன. ஆனால் அலங்கார வாயிலுக்குக் கீழே நின்று இரண்டு வாக்கியம் சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டோம். ஐரோப்பியருக்கு ஒரு மணி நேரம், சீனர்களுக்கு இரண்டு நிமிடம் என்பது இந்த ஊருக்கு நியாயமே இல்லை. வழித்தடத்தை வகுத்தவர்கள் இதைத் திருத்த வேண்டும்.

கடைசிப் பகுதி மேட்டு நிலம். முழங்கால் வலி உள்ளவர்கள் பயப்பட வேண்டாம். இஷிபாஷி டிராம் நிறுத்தத்துக்கு அருகிலிருந்து கட்டணமில்லாத சாய்வு லிப்ட் மேலே ஏறுகிறது. அதில் ஏறி, ஸ்காட்லாந்து வணிகர் குளோவர் 1863இல் கட்டிய மரவீட்டைப் பார்த்து, இறக்கமாகவே ஓவுரா தேவாலயத்துக்கு வந்தோம். தடைக்கு அஞ்சி இருநூறு ஆண்டுகளுக்கு மேல் ஒளித்து வைத்த கிறித்தவ நம்பிக்கையை உரகாமி கிராமத்தினர் 1865 மார்ச் 17 அன்று ஒரு பிரெஞ்சுப் பாதிரியாரிடம் வெளிப்படுத்தியது இங்கேதான். வழிகாட்டி அதைச் சொன்னபோது குழுவில் யாரும் பேசவில்லை. குளோவர் தோட்டத்துக்கும் தேவாலயத்துக்கும் தனித்தனி டிக்கெட் எடுக்க வேண்டும். முன்பதிவின்போது இதைச் சொல்வதில்லை, கையில் காசு வைத்திருங்கள்.

1945 அணுகுண்டு வெடித்த உரகாமிப் பகுதி இந்த நடையில் கிடையாது. அதற்கு வேறொரு நாளை ஒதுக்கி, டிராமில் போவது நல்லது.

இந்தச் சுற்றுலாவைக் காலையில் எடுங்கள். முடிந்ததும் ஷின்சிக்குத் திரும்பி ஒரு கிண்ணம் சம்பொன் என்ற நூடுல்ஸ் சூப் சாப்பிட்டுவிட்டு, அங்கிருந்து சில நிமிட நடையில் இருக்கும் தோஜின் யாஷிகிக்குப் போங்கள். 1689இல் சீன வணிகர்களைக் குடிவைத்த வளாகம் அது. பழைய கோயில் மண்டபங்கள் இன்றும் அந்தக் குடியிருப்புச் சந்துகளுக்குள் இருக்கின்றன.