வரைவதா, பார்ப்பதா: செங்கோட்டைச் சாரலில் ஒரு விஆர் ஹெட்செட்

தலையில் மாட்டினால் கண்முன் முப்பரிமாண உலகைக் காட்டும் விஆர் ஹெட்செட். கருவி ஒன்றுதான், கவலையை மறக்க வழி இரண்டு. ஓப்பன் பிரஷ் செயலியில் காற்றிலேயே ஓவியம் வரையலாம். இல்லையென்றால் 360 டிகிரி காடு, அருவிக் காட்சிகளைப் பார்க்கலாம். செங்கோட்டை, புளியரைப் பக்கம் அசல் காடே எட்டும் தூரத்தில் இருக்கிறது. அதனால் நடமாட முடிந்தவர்களுக்கு எங்கள் ஓட்டு வரைவதற்கே.

வரைய 2 மீட்டருக்கு 2 மீட்டர் காலி இடம் வேண்டும். தலைக்கு மேல் ஃபேன் இருக்கக் கூடாது. நிலைக்கண்ணாடியைத் துணியால் மூடுங்கள்; பிரதிபலிப்பில் ஹெட்செட்டின் கேமராக்கள் குழம்பினால் கோடு நழுவும். கோலம் போட்டுப் பழகிய கைக்கு ஆழம்தான் முதல் தடுமாற்றம்: எதிரே நின்றால் அழகாக மூடிய சிக்குக்கோலம், பக்கவாட்டில் போய்ப் பார்த்தால் பிரிந்து தொங்கும். ஒவ்வொரு சுழிக்கும் இரண்டடி நகர்ந்து சரிபாருங்கள். இந்த மெனக்கெடலில்தான் கவலை சற்று ஒதுங்குகிறது. செயலி இலவசம், கூகுள் 2021-இல் டில்ட் பிரஷ் என்ற தன் விஆர் ஓவியச் செயலியின் நிரலைப் பொதுவில் திறந்துவிட்டதால் பிறந்தது.

களைத்துப்போனவருக்கும் படுக்கையில் இருப்பவருக்கும் பார்ப்பதே பொருந்தும். ஆனால் கேமரா நகரும் காட்சி வேண்டாம்: கண் நடக்கிறது, உள்காது அசையவில்லை, தலை சுற்றும். முதல் நாள் 5 நிமிடம் போதும். வலிப்பு உள்ளவர்கள் எதற்கும் முன் மருத்துவரைக் கேட்க வேண்டும்.

சாரல் நாளில் லென்ஸில் ஆவி படியும். மைக்ரோஃபைபர் துணியால் மட்டும் துடையுங்கள். ஜன்னலோரம் வைத்தால் லென்ஸ் குவிக்கும் வெயில் திரையைச் சுட்டுவிடும்.