ஆர்எஸ்-44 செயற்கைக்கோள்: ஓராண்டு பேசிப் பழகிய பிறகு

ஹெட்போனில் முதலில் வருவது பீக்கன்தான், செயற்கைக்கோள் தன் பெயரைச் சொல்லி அனுப்பும் அடையாள சிக்னல். 435.605 மெகா ஹெர்ட்ஸில், இரைச்சலுக்கு அடியிலிருந்து மெல்ல எழும் மோர்ஸ் ஒலி. காது பழகியதும் ஆர், எஸ், 4, 4 என்று எழுத்து எழுத்தாகப் பிரியும். செயற்கைக்கோள் அடிவானத்துக்கு மேலே வந்துவிட்டது என்று அர்த்தம். நல்ல பாஸ் (நம் வானத்தை அது ஒருமுறை கடப்பது) என்றால் அடுத்த 20 நிமிடம் அது நமக்குத்தான். நமக்கு என்றால் எனக்கு மட்டும் இல்லை. அந்த நேரத்தில் அதன் பார்வைக்குள் இருக்கிற அத்தனை ஹாம்களுக்கும், அதாவது அமெச்சூர் ரேடியோக்காரர்களுக்கும். இந்தப் பங்கீட்டைப் புரிந்துகொண்டவருக்கு ஆர்எஸ்-44 அருமையான சேவை. புரியாதவர் கையில் அது எல்லோருக்கும் தொந்தரவு. நான் இரண்டு பக்கமும் இருந்திருக்கிறேன்.

டோசாஃப்-85 என்றும் இதற்குப் பெயர். 2019 டிசம்பர் 26 அன்று ரஷ்யாவின் பிளெசெட்ஸ்க் தளத்திலிருந்து ஏவப்பட்டது. ஏறத்தாழ 1,200 முதல் 1,500 கி.மீ. உயரத்தில் சுற்றுகிறது. பெரும்பாலான அமெச்சூர் செயற்கைக்கோள்கள் இதில் பாதி உயரத்தில்தான் இருக்கின்றன. உயரம் கூடினால் பார்க்கும் நிலப்பரப்பும் கூடும், பாஸும் நீளும். நேர் கீழே இருக்கும் புள்ளியிலிருந்து எல்லாத் திசையிலும் சுமார் 4,000 கி.மீ. வரை இதற்குத் தெரியும். அந்த வட்டத்தின் இரண்டு ஓரத்தில் இருப்பவர்கள் சில நிமிடங்கள் 7,000 கி.மீ.க்கு மேல் பேசிக்கொள்ளலாம், அதுவும் கையில் பிடித்த யாகி ஆன்டெனாவை வைத்துக்கொண்டு.

இதில் இருப்பது லீனியர் டிரான்ஸ்பாண்டர். 145.935 முதல் 145.995 மெகா ஹெர்ட்ஸ் வரை நாம் அனுப்புவதை அப்படியே வாங்கி, 435.610 முதல் 435.670 வரை கீழே அனுப்பும். 60 கிலோ ஹெர்ட்ஸ் அகலம்; பத்துப் பதினைந்து உரையாடல்கள் பக்கத்தில் பக்கத்தில் நடக்கலாம். அனுப்புவதும் கேட்பதும் தலைகீழ்: கீழ் முனையில் அனுப்பினால் மேல் முனையில் கேட்கும், எல்எஸ்பி-யில் (கீழ்ப் பக்கப்பட்டை) பேசினால் யுஎஸ்பி-யாக (மேல் பக்கப்பட்டை) இறங்கும். இரண்டு அலைவரிசையையும் கூட்டினால் எப்போதும் 581.605. இந்த எண்ணை எழுதி ரேடியோவின் நெற்றியில் ஒட்டி வைத்திருக்கிறேன். கேட்கும் இடம் காலியாக இருக்கிறதா என்று பார்த்து, 581.605-இலிருந்து கழித்தால் அனுப்ப வேண்டிய இடம் கிடைத்துவிடும். டாப்ளரால், அதாவது செயற்கைக்கோளின் வேகத்தால் அலைவரிசை மாறுவதால், சில கிலோ ஹெர்ட்ஸ் முன்னே பின்னே இருக்கும், அவ்வளவுதான். ஏன் தலைகீழாக வைத்தார்கள் என்று ஆரம்பத்தில் எனக்கு எரிச்சல். மேலே போகும் வழியில் ஏற்படும் டாப்ளரை கீழே வரும் வழியில் கொஞ்சம் கழித்துவிடத்தான் இந்த ஏற்பாடு என்று தெரிந்ததும் வடிவமைத்தவர்களை நினைத்துக் கும்பிட்டேன்.

முதல் மாதம் நான் செய்த தவறைச் சொல்லியாக வேண்டும். பழைய ஆல்-மோட் ரேடியோ ஒன்றில் 50 வாட் வைத்து அனுப்பினேன். கேட்பதற்கு ஒரு எஸ்டிஆர் டாங்கிள், கணினியில் செருகும் சின்ன ரிசீவர். என் குரல் எனக்கே திரும்பி வரவில்லை. அதனால் சிக்னல் மேலே போய்ச் சேரவில்லை என்று முடிவுகட்டி, டயலை இங்கும் அங்கும் திருப்பிக்கொண்டே "ஹலோ, ஹலோ" என்று கூப்பிட்டேன். அன்று இரவு ஒரு மூத்த ஹாம் போன் செய்தார்.

"தம்பி, சாயங்கால பாஸ்ல ஆர்எஸ்-44ல நீங்கதானே?"

"ஆமாங்க அண்ணா. ஆனா யாருக்கும் கேக்கலை போல."

"எல்லாருக்கும் கேட்டுச்சு. நீங்க பேசுறப்ப பீக்கன் அமுங்கிப் போயிடுது. பக்கத்துல ரெண்டு பேர் பேசிட்டிருந்தாங்க, அவங்க மேலேயே ஓட்டிட்டுப் போனீங்க. எத்தனை வாட் போடுறீங்க?"

"அம்பதுங்க."

"அஞ்சு போதும். முதல்ல உங்க குரல் உங்களுக்கு ஏன் கேக்கலைன்னு பாருங்க. அதுக்கு அப்புறம்தான் பேச்சு."

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால்கூட இவ்வளவு உறைத்திருக்காது.

காரணம் எளிது. 145-ஐ மூன்றால் பெருக்கினால் 435. நான் அனுப்பும்போது ரேடியோவின் மூன்றாம் ஹார்மோனிக், அதாவது மும்மடங்கு அலைவரிசையில் கசியும் சிக்னல், என் டாங்கிள் கேட்டுக்கொண்டிருந்த பட்டைக்குப் பக்கத்திலேயே போய் விழுகிறது. போதாக்குறைக்கு 50 வாட் முழுவதும் ஒரு கை தூரத்தில். டாங்கிள் செவிடாகிவிட்டது. 145-ஐயும் 435-ஐயும் பிரிக்கும் டிப்ளெக்ஸர் ஒன்றைப் போட்டு, டாங்கிளுக்கு முன்னால் 435 பட்டையை மட்டும் விடும் ஃபில்டரையும் சேர்த்தேன். பவரை 5 வாட்டுக்கு இறக்கினேன். அடுத்த பாஸில் கால்சைனின், அதாவது என் அடையாளக் குறியீட்டின், முதல் எழுத்தைச் சொல்லும்போதே ஹெட்போனில் என் குரல் வந்தது. சுருதி கொஞ்சம் தவறி, மூக்கடைத்தவர் பேசுவது போல. டயலை ஒரு மயிரிழை நகர்த்தியதும் நானாகவே ஆனேன். 1,000 கி.மீ.க்கு மேலே போய் வந்த சொந்தக் குரலை முதல்முறை கேட்டபோது பேச வந்ததே மறந்துபோய்ச் சும்மா நின்றேன்.

இந்த ஒரு வசதி, அதாவது பேசும்போதே தன் குரலைக் கேட்பது, இல்லாமல் யாரும் இந்தச் செயற்கைக்கோளில் அனுப்பக்கூடாது என்பது என் கறாரான கருத்து. டிரான்ஸ்பாண்டரின் மொத்த சக்தி பொதுச் சொத்து. ஒருவர் சத்தமாக ஏறினால் மற்ற எல்லோரின் பங்கும் குறையும். நம் சிக்னல் பீக்கனை விடப் பலமாகக் கேட்டால் பவரைக் குறைக்க வேண்டும். ஆனால் தன்னைக் கேட்க முடியாதவருக்கு அது எப்படித் தெரியும்? கியூஓ-100 என்ற புவிநிலைச் செயற்கைக்கோளில் லைலா என்று ஒரு ஏற்பாடு உண்டு. யாராவது அளவுக்கு மீறி ஏறினால் அவர் சிக்னலின் மேலேயே சைரன் அடிக்கும். ஆர்எஸ்-44-இல் அப்படி ஒரு காவல் கிடையாது. நம் காதுதான் காவல்.

தன்னைத் தேடுவதிலும் ஒரு நாகரிகம் இருக்கிறது. சிலர் கேரியரை (பேச்சில்லாத வெறும் அலையை) அழுத்தியபடி பட்டை முழுவதும் இழுத்துக்கொண்டு போவார்கள். விசில் அடித்தபடி டயல் சுற்றுபவர்களும் உண்டு. அது வழியில் இருக்கும் ஒவ்வொரு உரையாடலையும் கீறிக்கொண்டே போகும். காலி இடத்தை முதலில் பார்த்து, அனுப்பும் அலைவரிசையை அங்கே நிறுத்தி, இரண்டு மூன்று மோர்ஸ் புள்ளிகளை மட்டும் தட்டி, கேட்கும் டயலை மட்டும் திருப்பித் தேடினால் யாருக்கும் இடைஞ்சல் இல்லை. கையால் டாப்ளர் திருத்துகிறவர்கள் 435-ஐ மட்டும் தொடட்டும், 145-ஐ விட்டுவிடட்டும். இரண்டையும் மாற்றி மாற்றித் திருப்புபவர் மெல்ல நகர்ந்து பக்கத்து வீட்டுக்குள் போய்விடுவார்.

ஒரு கையில் ஆன்டெனா, மறு கையில் டயல். குரல் திடீரென்று மங்கினால் உடனே பவரைக் கூட்டத் தோன்றும். கூட்டாதீர்கள். மணிக்கட்டைக் கால் திருப்பு திருப்பினாலே பெரும்பாலும் சரியாகிவிடும். சிக்னலின் போலரைசேஷன், அதாவது அலை அதிரும் திசை, பாஸ் முழுவதும் மாறிக்கொண்டே இருக்கிறது. கையில் பிடித்திருப்பதன் பெரிய லாபமே இந்தத் திருப்புதான்.

எஃப்எம் செயற்கைக்கோள்களோடு ஒப்பிட்டுக் கேட்கிறார்கள். எஸ்ஓ-50 எனக்கும் பிடிக்கும். 2002 டிசம்பரில் ஏவப்பட்ட கிழவர். கையடக்க ரேடியோ போதும். 74.4 ஹெர்ட்ஸ் டோனை அனுப்பி 10 நிமிட டைமரைத் தட்டி எழுப்பிவிட்டு, 67 ஹெர்ட்ஸ் டோனோடு பேசலாம். ஆனால் அங்கே இருப்பது ஒரே ஒரு தடம். ஒரு நேரத்தில் ஒருவர்தான். பலமானவர் மற்றவரை முழுசாக விழுங்கிவிடுவார். அதனால் அங்கே கால்சைன், கிரிட் (இருக்கும் இடத்தின் குறியீடு), நன்றி, முடிந்தது. கதை பேச வேண்டியவர்கள் ஆர்எஸ்-44-க்கு வர வேண்டும். இங்கே நான் ஒருவரோடு பதினொரு நிமிடம் ஆன்டெனா பூம் நீளம் பற்றியே பேசியிருக்கிறேன், யார் வாய்ப்பையும் பறிக்காமல்.

குறை என்று பார்த்தால், பட்டையின் நடுவில் குவிகிற பழக்கம். எல்லோரும் நடுவிலேயே கூப்பிடுகிறார்கள், ஓரங்கள் காலியாகக் கிடக்கின்றன. வாரக்கடைசி பாஸ்களில் இடைவிடாமல் ஓடும் டிஜிட்டல் சிக்னல்களும் சக்தியை உறிஞ்சுகின்றன. அனுப்பட்டும், ஆனால் குறைந்த பவரில். எஃப்எம்-இல் யாராவது ஏறிவிட்டால் அந்த பாஸையே மறந்துவிடலாம். இதில் எதுவும் செயற்கைக்கோளின் குறை இல்லை என்பதால் மதிப்பெண்ணைக் குறைக்க எனக்கு மனம் வரவில்லை. ஐந்துக்கு ஐந்து.

போன வாரம் ஒரு பாஸ். செயற்கைக்கோள் இறங்கிக்கொண்டிருந்தது, அடிவானத்துக்கு 4 டிகிரி மேலே. நானும் நண்பரும் சாவகாசமாகப் பேசிக்கொண்டிருந்தோம். எங்களுக்கு 2 கிலோ ஹெர்ட்ஸ் தள்ளி ஒரு மெல்லிய குரல், மலையிலிருந்து, தூக்கிப்போன பேட்டரியில். அவர் கிரிட்டை நான் இதுவரை கேட்டதே இல்லை. கூப்பிட எனக்கும் ஆசைதான். ஆனால் அவரைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தவர் அதைவிட மெல்லிய குரல்காரர், கிரிட்டின் கடைசி இரண்டு இலக்கத்தை மூன்றாம் முறையாகக் கேட்டுக்கொண்டிருந்தார். நண்பரிடம் "கொஞ்சம் நிறுத்துவோம்" என்று சொல்லிவிட்டுக் கையை எடுத்தேன். பீக்கன் இரைச்சலுக்குள் இறங்குவதற்குச் சற்று முன் அந்த இலக்கங்கள் போய்ச் சேர்ந்தன.