மைக்ரோலைட் விமானப் பயிற்சிக்கு 2,85,000 ரூபாய் கட்டி ஏமாந்தேன்: முன்பணம் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள்

ஏழு மாதங்களாக "அடுத்த வாரம் பார்க்கலாம் சார்" என்று சொல்லிவந்த மேலாளர், நேற்று மாலையிலிருந்து என் அழைப்பை எடுப்பதில்லை; வேறு எண்ணிலிருந்து கூப்பிட்டபோது என் குரலைக் கேட்டதும் துண்டித்துவிட்டார். அவர்களிடம் நான் கட்டியது 2,85,000 ரூபாய். கோபம் ஆறிய பிறகு எழுதுங்கள் என்று மனைவி சொன்னார். ஆறிவிட்டால் எழுத மாட்டேன் என்பதால் இப்போதே எழுதுகிறேன். வழக்குத் தொடரவிருப்பதால் பெயரைச் சொல்ல வேண்டாம் என்று வழக்கறிஞர் கூறியிருக்கிறார். ஒரு தனியார் ஓடுதளம், ஒரு தகரக் கொட்டகை, ஒரே ஒரு விமானம், வார இறுதியில் சுற்றுலா வருவோருக்குப் பத்து நிமிடச் சவாரி, மற்ற நாட்களில் 'பயிற்சி' என்று இயங்கும் சிறிய நிலையம் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

அந்த மைக்ரோலைட், இருவர் மட்டுமே அமரக்கூடிய, விமானமும் ஆட்களும் எரிபொருளும் சேர்ந்து 450 கிலோவைத் தாண்டக் கூடாத சின்னஞ்சிறு விமானம். ஐம்பது வயதை நெருங்கும் எனக்கு, பள்ளி நாட்களிலிருந்தே அதில் ஓர் ஆசை.

நான் எந்த இடத்தில் நம்பினேன் என்பதை விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நீங்களும் அங்கேதான் விழுவீர்கள். ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலை ஆறரை மணி. பயிற்றுநர் விமானத்தை வெளியே தள்ளிக்கொண்டு வந்தார். இரண்டு இக்னிஷன் சுவிட்சுகளும் அணைந்திருக்கின்றனவா என்று ஒன்றுக்கு இரண்டு முறை பார்த்துவிட்டு, புரொப்பல்லரைக் கையால் மெல்லச் சுற்றினார். ஏழெட்டுச் சுற்றுக்குப் பிறகு ஆயில் டேங்குக்குள்ளிருந்து 'களக் களக்' என்று ஓர் ஓசை வந்தது. "ஏப்பம் விடுது பாருங்க சார். தேங்கின ஆயில் எல்லாம் டேங்குக்குத் திரும்பிடுச்சு, இப்ப அளவு பார்த்தாத்தான் சரியா இருக்கும்" என்றார். அந்த விமானத்தில் இருந்த ரோட்டாக்ஸ் 912 எஞ்சினில் ஆயில் அளவை அப்படித்தான் பார்க்க வேண்டும், அதில் பொய்யில்லை. பிறகு பெட்ரோல் டேங்கின் அடியிலிருந்து சிறிது பெட்ரோலைக் கண்ணாடிக் குழாயில் பிடித்து, தண்ணீர் கலந்திருக்கிறதா என்று வெளிச்சத்தில் உயர்த்திக் காட்டினார். இயந்திரத்தை இவ்வளவு பதமாகக் கையாளும் மனிதர்கள் என் பணத்தையும் அப்படியே கையாள்வார்கள் என்று நான் முடிவு செய்த கணம் அதுதான். அன்றிரவே 25 மணி நேரப் பயிற்சிக்கு, மணிக்கு 11,400 ரூபாய் வீதம், முழுத் தொகை 2,85,000 ரூபாயையும் வங்கிக் கணக்கு வழியாக அனுப்பினேன். தவணையாகக் கட்டினால் மணிக்கு இரண்டாயிரம் கூடுதல் என்று சொல்லியிருந்தார்கள்.

நான்கு நாள் கழித்து வாட்ஸ்அப்பில் வந்த ரசீதில் 'பயிற்சிக் கட்டணம்' என்ற சொல்லே இல்லை. 'சாகச விளையாட்டு மன்ற உறுப்பினர் நன்கொடை, திருப்பித் தரப்படாது' என்று இருந்தது. கேட்டேன். "அது ஆடிட்டர் போட்ட வார்த்தை சார், வரிக்காக" என்றார் மேலாளர். வேறு யாராவது இப்படி ரசீது வாங்கிவந்து காட்டியிருந்தால் நானே எச்சரித்திருப்பேன். என் விஷயத்தில் வாயை மூடிக்கொண்டேன்.

பிப்ரவரியிலும் மார்ச்சிலுமாக மூன்று முறை பறந்தேன். என் கைக்கடிகாரக் கணக்குப்படி மொத்தம் 1 மணி 50 நிமிடம். முதல் நாள் கண்ட கவனம், பணம் கைமாறியதும் காணாமல் போயிற்று. விமானிக்கு முன்னால் ஒட்டியிருந்த தகட்டில் காலி எடை 268 கிலோ என்று எழுதியிருந்தது. நான் 84 கிலோ, பயிற்றுநர் தாமே சொன்னபடி 90 கிலோ. மூன்றையும் கூட்டினால் 442. மீதமுள்ள 8 கிலோவுக்கு ஏறத்தாழ 11 லிட்டர் பெட்ரோல்தான் ஊற்றலாம். அவர் ஊற்றியதோ 40 லிட்டர், அதாவது 29 கிலோ. வரம்பை 21 கிலோ தாண்டி நாங்கள் ஓடுதளத்தின் கடைசி முனையில்தான் தரையை விட்டு எழும்பினோம். கேட்டதற்கு, "வெள்ளைக்காரன் எப்பவும் கொஞ்சம் குறைச்சுத்தான் சார் எழுதுவான்" என்று சிரித்தார்.

அந்தப் பெட்ரோல் வந்த கதையும் ஒன்றுண்டு. நெடுஞ்சாலையில் இருக்கும் பங்கில் பிளாஸ்டிக் கேனில் பிடித்து வந்தது. இந்த எஞ்சினைச் செய்யும் நிறுவனம் எத்தனால் 10 சதவீதம் வரைதான் இருக்கலாம் என்கிறது. நம் ஊர்ப் பங்குகளில் இப்போது கிடைப்பது 20 சதவீதக் கலப்பு. சந்தேகம் தீர அதே பங்கில் அரை லிட்டர் வாங்கிவந்து, மகளின் ஆய்வகக் கண்ணாடி உருளையில் 20 மில்லி தண்ணீருடன் 100 மில்லி பெட்ரோலைச் சேர்த்துக் குலுக்கி வைத்தேன். எத்தனால் பெட்ரோலை விட்டுத் தண்ணீரோடு சேர்ந்து அடியில் இறங்கும். 20இல் இருந்த தண்ணீர்க் கோடு 40ஐ ஒட்டி ஏறி நின்றது. படம் எடுத்து அனுப்பினேன். பதிலுக்கு ஒரு கட்டைவிரல் வந்தது.

மூன்றாம் நாள் இறங்கும்போது, ஓடுதளத்துக்கு நேராகத் திரும்ப வேண்டிய கடைசித் திருப்பத்தில், 300 அடி உயரத்தில், இறக்கை ஏறக்குறைய 60 பாகை சாயும்படி வெட்டித் திருப்பினார். கீழே நின்ற பையன் அதை வீடியோ எடுத்துக்கொண்டிருந்தான். உயரம் குறையாமல் அந்தச் சாய்வில் திரும்பினால், இறக்கை தூக்கும் திறனை இழக்கும் வேகம், அதாவது 'ஸ்டால்' ஆகும் வேகம், 1.41 மடங்காக உயரும். நேராகப் பறக்கையில் 60 கிலோமீட்டரில் ஸ்டால் ஆகும் விமானம் 85இலேயே ஆகிவிடும். அந்த உயரத்தில் ஸ்டால் ஆனால் மீள இடமில்லை. இதையெல்லாம் வீட்டுக்கு வந்து படித்துத்தான் தெரிந்துகொண்டேன். அப்போது நான் சிரித்துக்கொண்டிருந்தேன்.

அதன் பிறகு பறக்கவே இல்லை. ஏப்ரலில் வெயில் அதிகம் என்றார்கள். மே மாதம் உதிரிபாகம் ஆஸ்திரியாவிலிருந்து வர வேண்டும் என்றார்கள். ஜூனில் பயிற்றுநருக்கு வீட்டில் விசேஷம். ஆடி பிறந்ததும் காற்று. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். என் விமானம் மட்டும் பறக்கவில்லை. பணத்தைத் திருப்பிக் கேட்டால், கணக்கர் விடுப்பு, கணக்கர் வந்தால் மேலாளர் வெளியூர், மேலாளர் வந்தால், "ஆடி முடியட்டும் சார், ஆடியில பணத்தை வெளியே விடக் கூடாது." என் 2,85,000 ரூபாயை ஆடியில் வெளியே விடக் கூடாதாம்! பிறகு ஒரு கணக்குத் தாளை அனுப்பினார்கள். நான் பறந்த 1 மணி 50 நிமிடம் அதில் 6 மணி 30 நிமிடமாக வளர்ந்திருந்தது. எஞ்சின் சூடேறக் காத்திருந்தது, தரையில் உருண்டது, வானிலைக்காகக் கொட்டகையில் உட்கார்ந்திருந்தது எல்லாம் பயிற்சி நேரமாம். மீதி 18 மணி 30 நிமிடத்தை 'விமானம் தயாரானதும்' பறந்துகொள்ளலாமாம்.

விமானத்தின் சான்றிதழ்களைக் காட்டுங்கள் என்று நான் பிடிவாதம் பிடித்தபோது வந்த ஒரே ஒரு மங்கலான படத்தில், பறப்பதற்கான அனுமதி கடந்த நவம்பரிலேயே முடிந்திருந்தது. அதாவது நான் பணம் கட்டுவதற்கு இரண்டு மாதம் முன்பே. மூன்று முறையும் நான் பறந்தது அனுமதி காலாவதியான விமானத்தில். ஏதாவது நடந்திருந்தால் காப்பீட்டுக்காரர் என் குடும்பத்திடம் என்ன சொல்லியிருப்பார் என்று நினைத்தாலே வயிற்றைக் கலக்குகிறது. பயிற்றுநரின் அங்கீகாரம் பற்றிக் கேட்ட கேள்விக்கு இன்றுவரை பதில் இல்லை.

எப்படித் தேர்ந்தெடுப்பது என்று விவரமாக எழுதத்தான் உட்கார்ந்தேன்; இப்போது அதற்குப் பொறுமை இல்லை. அங்கீகாரம் பெற்ற பயிற்சி நிலையங்களின் பட்டியல், விமானப் போக்குவரத்தை ஒழுங்குபடுத்தும் அரசு அமைப்பான டி.ஜி.சி.ஏ.வின் இணையதளத்தில் இருக்கிறது, அதில் பெயர் இல்லாவிட்டால் காபிகூடக் குடிக்காமல் திரும்பிவிடுங்கள். விமானத்தின் அனுமதி, காப்பீடு, பயிற்றுநரின் அங்கீகாரம், எஞ்சின் பராமரிப்புப் பதிவேடு ஆகியவற்றை அசலாகப் பாருங்கள், தேதியைப் பாருங்கள். பறந்த மணிக்கு மட்டும் பணம் கொடுங்கள். ரசீதில் 'நன்கொடை' என்று இருந்தால் அன்றே திருப்பிக் கேளுங்கள். எடைக் கணக்கைப் போடத் தெரியாதவரோடு மேலே போகாதீர்கள். இவ்வளவுதான்.

1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்துவிட்டேன். டி.ஜி.சி.ஏ.வுக்கும் எழுதியிருக்கிறேன். நான் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம் என்றும், 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் இல்லை என்றும் வழக்கறிஞர் சொன்னார். திங்கட்கிழமை தாக்கல் செய்கிறோம்.

நேற்று இரவு அவர்களுடைய விளம்பரத்தைப் பார்த்தேன். 'புதிய சேர்க்கை தொடக்கம், முழுத் தொகை கட்டுவோருக்குச் சலுகை' என்ற வரிக்கு மேலே ஓடுவது அந்த மூன்றாம் நாள் வீடியோ: 300 அடியில் இறக்கை வெட்டிச் சாய்கிறது, முன் இருக்கையில் நான் பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிறேன். அதை எடுக்கச் சொல்லி மூன்று முறை எழுதிவிட்டேன். இதை எழுதி முடிக்கும் இந்த நிமிடம் வரை எடுக்கவில்லை.