ஹட்டனில் வாங்கிய இந்து சமுத்திரத் தேசப்படம்

ஹட்டன் கடைத்தெருவில் உள்ள சிறிய புத்தகக் கடையொன்றில், இந்து சமுத்திரத்தின் வரலாற்றைக் காட்டும் தமிழ்ச் சுவர்த் தேசப்படத்தை 1,200 ரூபாவுக்கு வாங்கினேன். தடித்த தாள், மலையகத்து ஈரத்திலும் இரண்டு மாதங்களாகச் சுருளவில்லை.

தென்மேல், வடகீழ்ப் பருவப்பெயர்ச்சிக் காற்றுகளை இரு நிற அம்புகளால் வரைந்திருப்பதே இதன் பெருஞ்சிறப்பு. ஏடனிலிருந்தும் குஜராத்திலிருந்தும் புறப்பட்ட வணிகர்கள், காற்றுத் திசை மாறும்வரை துறைமுகங்களில் மாதக்கணக்கில் தங்கியதால்தான் அங்கெல்லாம் மொழிகளும் வழிபாடுகளும் கலந்தன என்பதைப் பிள்ளைகள் பார்த்த மாத்திரத்தில் புரிந்துகொள்கிறார்கள். இலங்கையின் தென்கரை நகரான காலியில் 1911இல் கண்டெடுக்கப்பட்ட, சீனக் கடற்படைத் தளபதி செங் ஹோவின் 1409ஆம் ஆண்டுக் கல்வெட்டுக்குத் தனிக் கட்டம் உண்டு. சீனம், தமிழ், பாரசீகம் என மூன்று மொழிகளில் பொறிக்கப்பட்ட அக்கல்லில், தமிழ்ப் பகுதி தேவுந்துறைத் திருமாலைப் போற்றுகிறது. அந்தக் கட்டத்தின் முன் நான் நெடுநேரம் நின்றேன்.

ஆனால், 1834 முதல் மொரீசியஸுக்குச் சென்ற ஒப்பந்தத் தொழிலாளரின் பாதையைத் தெளிவாகக் காட்டும் இப்படம், தமிழகத்திலிருந்து வந்து தலைமன்னாரில் இறங்கி, மாத்தளை வரை காட்டுவழியே நடந்து, கோப்பித் தோட்டங்களுக்கு வந்த எம் முன்னோரின் பாதையை ஒரு கோடாகக்கூட வரையவில்லை. பாக்கு நீரிணை ஒடுங்கியதாக இருக்கலாம். கண்டிச் சீமை எனப்பட்ட இம்மலைநாட்டுக்கென்று அதைக் கடந்தவர்களின் வரலாறு ஒடுங்கியதன்று. அடுத்த பதிப்பில் அது சேர்க்கப்பட வேண்டும் என்று கடைக்காரரிடம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். அந்தப் பாதையை என் படத்தில் சிவப்பு மையால் நானே வரைந்துவிட்டேன்.