எக்ஸ்எல்ஏவா, சிவிஐடியா?
கோலாலம்பூர் செந்தூல் பக்கம் பையனுக்கு ஓயாமல் காதில் சீழ், நிமோனியா என்றால் பாட்டி "திருஷ்டி, சுற்றிப் போடு" என்பார். சரி, போடுங்கள், கூடவே இம்யூனோகுளோபுலின் (கிருமியை எதிர்க்கும் ஆன்டிபாடி) அளவையும் ரத்தத்தில் பார்த்துவிடுங்கள். அது குறைவாக இருந்தால் சந்தேகிக்க வேண்டிய நோயெதிர்ப்புக் குறைபாடுகளில் இரண்டு எக்ஸ்எல்ஏ, சிவிஐடி.

எக்ஸ்எல்ஏவில் (X-linked agammaglobulinemia) கோளாறு ஒரே மரபணுவில்: எக்ஸ் குரோமோசோமில் உள்ள பிடிகே (BTK). அது கெட்டால் ஆன்டிபாடிக்கு வேரான பி செல்கள் என்ற வெள்ளணுக்கள் முதிராது, ஆன்டிபாடி உருவாகாது. 1952-இல் மருத்துவர் புரூட்டன் விவரித்த நோய். மரபணு பிடிபட்டது 1993-இல். அம்மா கொடுத்த ஆன்டிபாடி தீர்ந்ததும், 6 மாத வாக்கில், தொற்றுகள் தொடங்கும். தொண்டையைப் பார்த்தால் டான்சில் இருக்க வேண்டிய இடம் கிட்டத்தட்ட காலி. தாய்வழியில் வருவதால், தாய்மாமன் யாராவது சிறுவயதிலேயே தவறினாரா என்று விசாரிப்பது முக்கியம். புதிதாகவும் வரலாம். சொந்தத்தில் கல்யாணம் செய்ததால்தான் என்று பழி போடுவது இங்கே வீண்.

சிவிஐடி (common variable immunodeficiency) அவ்வளவு லேசில் பிடி கொடுக்காது. ஆண், பெண் இருவருக்கும் வரும், பெரும்பாலும் வயது வந்த பிறகு. பலரிடம் ஒற்றை மரபணுக் காரணம் அகப்படுவதே இல்லை. டாசி (TACI) என்ற மரபணுவில் மாற்றம் இருந்தால் ஆபத்தைக் கூட்டும், அவ்வளவுதான். அதே மாற்றத்தோடு நன்றாக இருப்பவர்களும் உண்டு.

மரபணுப் பரிசோதனைக்குக் காசு செலவழிப்பதென்றால் எக்ஸ்எல்ஏ சந்தேகத்துக்குத்தான் முதலிடம் என்பேன். விடை தெளிவு, அந்த மாற்றத்தைச் சுமக்கிறார்களா என்று அறிய அக்கா தங்கச்சிகளுக்கும் உதவும். சிகிச்சை என்னவோ இரண்டுக்கும் இம்யூனோகுளோபுலின்தான்; நரம்பில் ஏற்றினால் 3, 4 வாரத்துக்கு ஒருமுறை.