நிக்கல், கோபால்ட், இரும்பு: தாளில் பிரிப்பதா, ரெசினில் பிரிப்பதா?

இந்த மூன்றும் கலந்த கரைசலில் என்னென்ன இருக்கிறது என்று மட்டும் தெரிய வேண்டுமா? தாள் குரோமட்டோகிராபி (கரைப்பான் தாளில் ஏறும்போது பொருட்கள் தனித்தனிப் புள்ளிகளாகப் பிரியும் முறை) போதும். எவ்வளவு இருக்கிறது என்பதற்கு ரெசின் (அயனிகளைப் பிடித்துவைக்கும் பிசின் மணிகள்) நிரப்பிய குழாய்தான். தாளிலேயே அளவையும் எடுத்துவிடலாம் என்ற ஆசை பலருக்கு உண்டு, அங்கேதான் சறுக்கும்.

இரண்டுக்கும் அடிப்படை வேதியியல் ஒன்றே. அமிலத்தில் இருக்கும் குளோரைடோடு ஃபெர்ரிக் இரும்பு எளிதில் எதிர்மின் அணைவாக (குளோரைடு சூழ்ந்த எதிர்மின் அயனியாக) மாறும். கோபால்ட் அடர் அமிலத்தில் மாறும், நிக்கல் ஏறக்குறைய மாறவே மாறாது. ஆனால் வரிசை தலைகீழ். தாளில் இரும்பு அசிட்டோனோடு உச்சிக்கு ஓடும், நிக்கல் புள்ளி வைத்த இடத்தருகே தங்கும். எதிர்மின் அயனிகளைப் பிடிக்கும் எதிரயனி மாற்று ரெசினிலோ நிக்கல் முதலில் வெளியேறும், இரும்பு கடைசி வரை பிடித்துக்கொள்ளும்.

தாளுக்கு வாட்மேன் 1 வடிதாள், அசிட்டோன் 87, அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலம் 8, தண்ணீர் 5 என்ற கன அளவுக் கலவை. அதை அன்றன்றே கலக்க வேண்டும். ஓரத்திலிருந்து 2 செ.மீ. மேலே பென்சில் கோடு. அதில் 5 மி.மீ.க்கு மிகாத புள்ளி. தாளை உருளையாக்க ஸ்டேப்ளர் பின் அடித்தால் அமிலம் பின்னைக் கரைத்து, இல்லாத இரும்பை இருப்பதாகக் காட்டும். பிளாஸ்டிக் கிளிப் போடுங்கள். 10 செ.மீ. ஏறியதும் ஃபியூம் ஹுட்டில் உலர்த்தி, அமோனியா ஆவி காட்டி, ரூபியானிக் அமிலம் என்ற நிறமூட்டும் வினைப்பொருளைத் தெளித்தால் நிக்கல் நீல ஊதா, கோபால்ட் மஞ்சள் பழுப்பு. அமோனியாவைத் தவிர்த்தால் தாளில் மிஞ்சிய அமிலம் நிறத்தை எழவிடாது.

அளவு ஏன் வராது? நுண்குழாயால் வைப்பது 1.5 மைக்ரோலிட்டர். அதில் 0.2 கூடினாலே 13 விழுக்காடு பிழை. போதாக்குறைக்கு, புள்ளியின் பரப்பு உலோக அளவின் மடக்கையோடுதான் ஏறுகிறது; அளவு இரட்டித்தாலும் புள்ளி கொஞ்சம்தான் பெருக்கும். செல்லுலோஸ் பூசிய மெல்லடுக்குத் தகட்டில் புள்ளிகள் கச்சிதமாக இருக்கும், ஆனால் இந்தக் குறை தீராது.

ரெசின் முறைக்கு வழிகாட்டியது, வேதியியலாளர்கள் க்ராஸும் மூரும் 1953இல் வெளியிட்ட ஆய்வு. 1 செ.மீ. விட்டக் குழாயில் 15 செ.மீ. உயரத்துக்கு வலுவான காரத்தன்மை கொண்ட எதிரயனி ரெசின். முதலில் 9 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலம் (அடர் அமிலம் 3 பங்கு, தண்ணீர் 1 பங்கு) ஓட்டுங்கள். மாதிரியும் அதே 9 மோலாரில் இருக்க வேண்டும். நீர்த்த அமிலத்தில் ஊற்றினால் கோபால்ட்டும் நிக்கலோடு வழிந்துவிடும். வேகம் நிமிடத்துக்கு 1 மி.லி. வெளிவரும் ஒரு துளியை அமோனியாவால் நடுநிலையாக்கி நிக்கலோடு சிவக்கும் டைமெதில்கிளையாக்சைம் விடுங்கள். சிவப்பு வராவிட்டால் நிக்கல் தீர்ந்தது. பிறகு 4 மோலாரில் கோபால்ட், 0.5 மோலாரில் இரும்பு. இடையில் 4 மோலாரைத் தாண்டிக் குதித்தால் பின்னிரண்டும் சேர்ந்தே வரும். அமில மட்டம் ரெசினுக்குக் கீழே இறங்கினால் காற்றுக் குமிழி நுழையும், பட்டைகள் கோணலாகும்.

நிக்கல் பகுதியை ஏறக்குறைய வற்றும் வரை ஆவியாக்கிய பின்பே மியூரெக்ஸைடு என்ற நிறங்காட்டியைப் போட்டு, அமோனியா ஊடகத்தில் இ.டி.டி.ஏ. (உலோக அயனியைப் பிணைக்கும் வினைப்பொருள்) டைட்ரேஷன். 9 மோலார் அமிலத்தை அப்படியே அமோனியாவால் நடுநிலையாக்கினால் அம்மோனியம் குளோரைடு குவிந்து பி.எச். தாழும், மஞ்சளிலிருந்து ஊதாவுக்கு மாறும் முடிவுநிலை இழுத்துக்கொண்டே போகும். 0.01 மோலார் இ.டி.டி.ஏ.வில் 1 மி.லி. என்பது 0.587 மி.கி. நிக்கல்; ஆக 20 மி.கி.க்கு 34 மி.லி. செலவாகும். ப்யூரெட்டில் 0.1 மி.லி. தவறினாலும் பிழை 0.3 விழுக்காடுதான்.

இனம் தெரியாத கலவையானால் ரெசினில் ஊற்றுமுன் ஒரு தாள் ஓட்டிவிடுங்கள். செம்பு தெரிந்தால் 4க்கும் 0.5க்கும் நடுவே 2.5 மோலார் படி சேர்க்க வேண்டும். துத்தநாகம் ரூபியானிக் அமிலத்தில் நிறம் காட்டாது, டிதைசோன் என்ற வேறொரு வினைப்பொருளைத் தெளிக்க வேண்டும். ரெசினில் அது 0.005 மோலாருக்குத்தான் இறங்கும்.